நடுவில் நிற்கும் தாய்மாமன்

என் மனைவி கருப்பியோடு பிறந்தவர்கள் இரண்டு பேர். அண்ணன் மலையாண்டி சிங்கம்புணரியில் கயிறு வியாபாரம் செய்தார். தம்பி பெத்தன் காரைக்குடியிலேயே மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் பிறந்தவள் கருப்பி. அவளைக் கட்டிய பாவத்துக்கு நானும் நடுவில் மாட்டிக்கொண்டேன்.

1998-இல் எங்கள் மகள் வினோதினிக்குக் காது குத்த நாள் பார்த்தோம். குன்றக்குடியில் மொட்டை போட்டு, மலையடிவாரத்திலேயே காது குத்து. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் குத்துவார்கள். மடி ஒன்று, மாமன் இரண்டு. தகராறு அங்கேதான் ஆரம்பித்தது.

"மூத்தவன் நான் உசுரோட இருக்கேன் மாப்ளே. எளையவன் மடியில பிள்ளை உக்காந்தா ஊர்ல என்னைய என்னன்னு கேப்பாக?" என்றார் மலையாண்டி மச்சான்.

"அவரு வருசத்துக்கு ஒருக்கா வந்து கன்னத்தைக் கிள்ளிட்டுப் போறவரு. பிள்ளைக்குக் காய்ச்சல்னா தூக்கிக்கிட்டு ஓடுறது யாரு அத்தான்? மடி என்னுது," என்றான் பெத்தன்.

இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். அதனால் நான் இரண்டு பேரிடமும் சரி என்றேன்.

கருப்பி அன்றைக்குச் சாயங்காலமே என்னை உட்கார வைத்துச் சொல்லிவிட்டாள். "எங்கண்ணனும் வரணும், எந்தம்பியும் வரணும். ஒருத்தர் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னாலும் காதுகுத்து கெடையாது. பிள்ளை மூளிக்காதோட வளரட்டும். நாளைக்குக் கல்யாணத்துக்குக் கேட்டா, எங்கப்பன் சமாளிக்கத் தெரியாத ஆளுன்னு அதுவே சொல்லிக்கிரும்."

மடி விசயத்தைக் கோயிலில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் போஸ்டர் விசயம் வந்துவிட்டது. மாமன் சீர் வருகிறது என்று சுவரில் போஸ்டர் ஒட்டாவிட்டால் அந்தக் காலத்தில் விசேஷமே இல்லை. இரண்டு மச்சான்களும் சேர்ந்து கலர் போஸ்டர் அடிப்பதாக ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் ஒப்புக்கொண்டது அது ஒன்றுதான்.

பெயரை எப்படிப் போடுவது? மலையாண்டி, பெத்தன் என்று போட்டால் தம்பிக்குக் கோபம். பெத்தன், மலையாண்டி என்று போட்டால் அண்ணன் பஸ் ஏறி வந்துவிடுவார். கடைசியில் பெயரே வேண்டாம், இரண்டு பேர் படத்தையும் போட்டுக் கீழே 'தாய்மாமன்' என்று மட்டும் போடுவோம் என்று முடிவானது. பார்க்கிறவர்களுக்குத் தெரியாதா யார் என்று.

போஸ்டர் வேலையை யூஜினியாவிடம் கொடுத்தேன். நான் வேலை பார்த்த லாரி புக்கிங் ஆபீஸுக்கு மாடியில்தான் அவளுடைய டி.டி.பி. சென்டர். அவள் கணவர் சகாய ஆண்டனி பள்ளிக்கூட வாத்தியார். யூஜினியாவுக்கு முக்கால்வாசி வேலை, யுனிவர்சிட்டிப் பிள்ளைகளுக்கு ஆராய்ச்சிக் கட்டுரை டைப் அடித்துக் கொடுப்பது. வருசக்கணக்காக வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தையே பார்த்து அலுத்துப்போயிருந்தாள். அந்தச் சமயம் பார்த்து அவள் தம்பி ஆன்றோ பெங்களூரிலிருந்து போட்டோஷாப் சி.டி.யையும் தடிமனான ஒரு இங்கிலீஷ் புத்தகத்தையும் கொண்டுவந்து கொடுத்திருந்தான். புத்தகத்தில் ஒவ்வொரு பாடமாகப் படித்து, படித்த பாடத்தை வருகிற ஆளின் வேலையில் போட்டுப் பார்த்துவிடுவாள். நான் போன அன்று கிரேடியன்ட் பாடத்தில் இருந்தாள்.

"வாங்கண்ணே, நல்ல நேரத்துல வந்தீக. பின்னாடி என்ன கலர் போடணும்?"

"பெரிய மச்சான் செவப்புங்கிறாரு, மங்களகரமா இருக்குமாம். சின்னவன் பச்சைங்கிறான், கண்ணுக்குக் குளிர்ச்சியாம்."

"ரெண்டையும் போட்ருவோம். ஒரு கலரு மெல்ல மெல்ல இன்னொரு கலரா மாறிப் போகும். அதுக்குப் பேருதேன் கிரேடியன்ட். இங்க பாருங்க, எங்குட்டுலருந்து எங்குட்டு வரைக்கும் மாறணுமோ அம்புட்டுத் தூரத்துக்கு ஒரு கோடு இழுக்கணும்."

மவுஸைப் பிடித்து இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு ஒரு கோடு இழுத்தாள். கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் யோசித்தது. அப்புறம் மேலிருந்து பட்டை பட்டையாகக் கலர் இறங்கியது. இடது பக்கம் நல்ல சிவப்பு. வலது பக்கம் நல்ல பச்சை. நடுவில் மாட்டுச் சாணிக் கலர்.

இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

"மச்சானும் மச்சினனும் சேந்தா இப்பிடித்தேன் ஆகும்னு மிசினுக்கே தெரிஞ்சிருக்கு," என்றேன்.

"இருங்கண்ணே, கோட்டை ரொம்ப நீளமா இழுத்திட்டேனோ என்னமோ." நடுவில் மட்டும் சின்னதாக ஒரு கோடு இழுத்தாள். இப்போது சிவப்பும் பச்சையும் சட்டென்று முட்டிக்கொண்டு நின்றன. சாணி குறைந்தது, ஆனால் சண்டை போட்டு வரப்பு கட்டியது போல் இருந்தது. மறுபடி நீளமாக இழுத்தாள், மறுபடி சாணி.

புத்தகத்தைப் புரட்டினாள். வாய்க்குள் இங்கிலீஷ் வாசித்தாள். பிறகு திரையில் ஒரு கலர் பட்டையைத் திறந்தாள். பட்டைக்கு அடியில் இரண்டு முனையிலும் பென்சில் மூக்கு மாதிரி இரண்டு குமிழ் இருந்தன. அவள் நடுவில் ஒரு தட்டு தட்டியதும் மூன்றாவதாக ஒன்று முளைத்தது. அதற்கு மஞ்சள் கொடுத்தாள். திரும்பக் கோட்டை இழுத்தாள். சிவப்பு ஆரஞ்சாகி, மஞ்சளாகி, இளம் பச்சையாகி, நல்ல பச்சையில் போய் முடிந்தது. அறுவடைக்கு முந்தின வயலில் சூரியன் இறங்குகிற மாதிரி இருந்தது.

"அவ்வளவுதேன் விசயம். ரெண்டும் நேருக்கு நேரா ஒட்டாது. நடுவுல ஒண்ணைக் கொண்டாந்து வைக்கணும்," என்றாள்.

அடுத்து ஓரக்கட்டு. அதற்கு அவளுக்கு அடுத்த பாடம் வேண்டியிருந்தது. "பேட்டர்ன்னு ஒண்ணு இருக்குண்ணே. இந்தத் தரையைப் பாருங்க, ஒரே பூக்கல்லுதேன். திருப்பித் திருப்பிப் பதிச்சதும் ரூம்பு நெறைஞ்சு போச்சுல்ல. அது மாதிரி ஒரு சின்னப் படத்தைக் குடுத்தாப் போதும், எங்க ஊத்தச் சொல்றமோ அங்கெல்லாம் அதுவே பதிச்சிரும். காதுகுத்துக்கு ஏத்த மாதிரி என்ன இருக்கு?"

கருப்பிக்குச் சின்ன வயதில் போட்ட கல்தோடு ஒன்று வீட்டில் இருந்தது. கொண்டுவந்து கொடுத்தேன். அதை ஸ்கேனர் கண்ணாடி மேல் வைத்து மூடினாள். திரையில் பூசணிக்காய் அளவுக்குத் தோடு வந்தது. அதைச் சின்னதாக்கி, சுற்றிக் கட்டம் போட்டு, பேட்டர்ன் என்று சொல்லி ஊற்றினாள். தோட்டை ஒட்டியே கட்டம் போட்டுவிட்டதால் தோடுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, பலாப்பழத்தில் ஈ மொய்த்தது போல் வந்தது. சுற்றிக் கொஞ்சம் காலி இடம் விட்டுக் கட்டம் போட வேண்டும் என்று அப்புறம்தான் பிடிபட்டது. அடுத்த தடவை ஊற்றியபோது நாலு ஓரத்திலும் தோடு வரிசை கட்டி நின்றது.

கடைசியாகப் படங்கள். மேலே வினோதினி. கீழே இடது பக்கம் மலையாண்டி மச்சான், ஏறு நெற்றியும் முறுக்கு மீசையுமாக. வலது பக்கம் பெத்தன், சுருட்டை முடியும் பென்சில் கோடு போட்ட மீசையுமாக. இரண்டு தலையும் ஒரே அளவா என்று ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். நடுவில் அவர்கள் தோள்கள் ஒட்டுகிற இடத்தில் ஒரு கிரேடியன்ட் போட்டு, ஒருவர் சட்டை இன்னொருவர் சட்டைக்குள் மெல்லக் கரைவது மாதிரி செய்திருந்தாள்.

"இது எப்படிம்மா?"

"ஒருத்தர் படம் மேல, ஒருத்தர் படம் கீழ. கண்ணாடித் தாளு மாதிரி. மேல் தாளுல கறுப்பு வெள்ளையா ஒரு கிரேடியன்ட் இழுத்தாக் கறுப்பு விழுகுற பக்கம் மறைஞ்சு அடியில இருக்கவரு தெரிவாரு." சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எல்லாஞ் சரி, உங்க படம் எங்கண்ணே?"

"எனக்கெதுக்கும்மா. நான் தகப்பன்தானே."

அவள் சிரித்தாள். நான் சரி சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். அச்சுக்கு வெளியூர் போய் வர நாள் ஆகும் என்றாள்.

போஸ்டர் வந்து ராவோடு ராவாக ஒட்டியும் விட்டார்கள். காலையில் ஆபீஸுக்குப் போகும்போது எதிரே ஹனிபா பாய் டீக்கடைச் சுவரில் பார்த்தேன். சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் கண்ணைப் பறித்தது. தோடு ஓரக்கட்டு அம்சமாக இருந்தது. வினோதினி மேலே சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே நட்ட நடுவில் ஒரே ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார்.

ஹனிபா பாய் டீ ஆற்றியபடியே கேட்டார். "ரெண்டு மச்சான் ரெண்டு மச்சான்னு பொலம்புவீகளே பூமிண்ணே. இந்த மூணாவது ஆளை எங்க ஒளிச்சு வச்சிருந்தீக?"

நான் கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். அந்த ஆளுக்கு இடது பக்கம் ஏறு நெற்றி. அது போகப் போக முடி அடர்ந்து வலது பக்கம் சுருட்டையாக முடிந்தது. மீசை இடது பக்கம் முறுக்காகக் கிளம்பி, மூக்குக்கு அடியில் மெலிந்து, வலது பக்கம் எலி வாலாகத் தேய்ந்திருந்தது. குடும்ப மூக்கு ஒன்று என்பதால் மூக்கில் மட்டும் பிசகில்லை. சொல்லப்போனால் ஆள் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தார். கீழே பெரிய எழுத்தில் 'தாய்மாமன்' என்று இருந்தது.

"இவரு ரெண்டு பேரும்தேன் பாய்," என்றேன்.

"எங்குட்டு?"

"ஒருத்தருக்குள்ள ஒருத்தரு."

பாய் டீயைக் கீழே வைத்தார். சுவர் பக்கம் வந்து ஒரு கையால் பாதி முகத்தை மறைத்துப் பார்த்தார். பிறகு அந்தப் பாதியைத் திறந்து இந்தப் பாதியை மறைத்துப் பார்த்தார். "அல்லாவே," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கடைக்குள் போய்த் திரும்பி நின்றுகொண்டார். அவர் முதுகு குலுங்குவது தெரிந்தது.

நான் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன். யூஜினியா ஆராய்ச்சிக் கட்டுரை அடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கே?"

"நான் ஒண்ணும் பண்ணலைண்ணே. கேட்டதைச் செஞ்சேன். நீங்க போன மறுநாளு சிங்கம்புணரிக்காரர் வந்தாரு. 'பிள்ளையை மடியில வைக்கப் போறவன் ஓரத்துல நிக்கிறதா, கொஞ்சம் நடுவுல தள்ளு தாயி'ன்னாரு. தள்ளுனேன். அவரு போயி சின்னவரு வந்தாரு. 'அக்கா, என்னைய ஏன் ஒதுக்கி வச்சிருக்கீக, நடுவுல கொண்டாங்க'ன்னாரு. கொண்டாந்தேன். மறுபடி பெரியவரு வந்தாரு. மறுபடி சின்னவரு வந்தாரு. ரெண்டு பேரும் நடுவுல வரணும்னாக. நடு ஒண்ணுதானே அண்ணே இருக்கு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு ரெண்டு பேருமே சத்தியம் வாங்கிட்டாக. மாதா படத்து மேல." கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் மாதா படம் இருந்தது. யூஜினியா முகத்தில் மாதாவை விடச் சாந்தம். "கடைசியில ஒருத்தர் மேல ஒருத்தர் வந்து நின்னாக. நான் கோட்டை இந்தக் காதுலருந்து அந்தக் காது வரைக்கும் நீளமா இழுத்து விட்டேன். நீளமா இழுத்தாத்தேன் மாற்றம் தெரியாம இருக்கும்னு புத்தகத்துல போட்டுருக்கு. தெரியுதா?"

"தெரியல."

"அப்பப் பாடம் வந்திருச்சு."

கீழே போன் அடித்தது. ஆபீஸ் போன்தான். எடுத்தேன். மலையாண்டி மச்சான் குரல் தழுதழுத்தது.

"மாப்ளே, எங்கூரு பஸ் ஸ்டாண்டுச் செவுத்துல பாத்தேன். நெஞ்சு நெறைஞ்சு போச்சு."

"என்ன மச்சான் சொல்றீக?"

"என்னைய மட்டும் தனியாப் போட்டுட்டீகளே. வயசும் கொறைச்சுக் காட்டியிருக்கீக. முன்மண்டையில முடியெல்லாம் வச்சு விட்டிருக்கீக. எம் பொண்டாட்டியும் பாத்துட்டு வெக்கப்படுறா. அது சரி, பெத்தன் ஒத்துக்கிட்டானா?"

"அது வந்து..." என்று இழுத்தேன்.

"சரி, விடுங்க. அவனை நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். பாவம், சின்னப்பய. கோயிலுக்கு வந்தான்னா ஒரு ஓரமா உக்கார வச்சு நல்லா சாப்பிடச் சொல்லி அனுப்புவோம்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பெத்தன் வாசலில் நிற்கிறான். கையில் ஒரு பை ஆரஞ்சு.

"அத்தான், கொன்னுட்டீக."

"யாரை மாப்ளே?"

"போஸ்டரைச் சொல்றேன். என்னைய ஒரு பெரிய மனுசத் தோரணையில காட்டியிருக்கீக பாருங்க. மீசையைக்கூட ஒரு பக்கம் கொஞ்சம் ஏத்தி விட்டுருக்கீக. கடைப் பயலுக எல்லாம் மொதலாளி மொதலாளிங்கிறானுக." குரலைத் தாழ்த்தினான். "அண்ணன் மனசு சங்கடப்படும். கோயில்ல நீங்கதேன் அவரைப் பக்குவமா பாத்துக்கிறணும்."

தன் முகத்தைத் தேடிப் போகிறவன் கண்ணில் தன் முகம்தான் படும் போலிருக்கிறது. நானும் வாயை மூடிக்கொண்டேன். இரண்டு பேரும் சந்தோசமாக வருவார்கள், கருப்பி சொன்னதும் அதுதானே. கோயிலில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டாவது தடவையும் தள்ளிப்போட்டேன்.

அன்றைக்கு மத்தியானம் ஆபீஸ் வாசலில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. அதிலிருந்து மாயக்கண்ணன் இறங்கினார்.

இவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கருப்பியின் பெரியப்பா மகன். மலையாண்டிக்கும் மூத்தவர். எங்கள் கல்யாணத்தில் பந்தலுக்கும் சமையல் கட்டுக்கும் ஓடி ஓடி வேலை பார்த்தவர். கல்யாண ஆல்பம் வந்த அன்று, ஆசையாகப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். போட்டோ எடுக்கும்போதெல்லாம் அவர் ஐஸ் வாங்கவும் இலை வாங்கவும் போயிருந்ததால் ஒரு படத்தில்கூட அவர் இல்லை. ஆல்பத்தை மூடி வைத்தார். "படத்துல இல்லாதவன் வீட்டுலயும் இல்லத்தா," என்று கருப்பியிடம் சொல்லிவிட்டுப் போனவர், அதற்கப்புறம் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. எத்தனை தடவை போய்க் கூப்பிட்டும் பலனில்லை. இந்தக் காதுகுத்துக்கும் பத்திரிகையைத் திண்டுக்கல் ரோட்டில் அவர் ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பியதோடு சரி.

அவர் கையில் சுருட்டிய போஸ்டர். பசை காய்வதற்குள் சுவரிலிருந்து பதமாக உரித்து, துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தார். என் மேஜையில் விரித்தார். நான் போஸ்டரைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். பாதி ஏறின நெற்றி. காதோரம் கொஞ்சம் சுருட்டை. டிராக்டர் புகையில் ஒரு பக்கம் கருகிப்போன மீசை. அண்ணன் தம்பி இரண்டு பேரையும் கலந்தால் என்ன வருமோ அதை ஆண்டவன் முன்பே செய்து வைத்திருந்தான்.

"கருப்பி என்னைய மறக்கலை மாப்ளே," என்றார். அவ்வளவுதான் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சீர் எல்லாம் டிராக்டர்லயே கொண்டாந்துருவேன். மடியும் மூத்தவன் மடிதேன், மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

வீட்டுக்குப் போய்க் கருப்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் நம்பவில்லை. அப்புறம் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். வினோதினியும் என்னவென்று தெரியாமல் கூடச் சிரித்தது. சிரித்து முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கருப்பி சொன்னாள்: "இப்ப மூணு பேரும் வரணும். பெரியண்ணன் இத்தனை வருசங் கழிச்சு வருது. அது மறுபடி மனசு விட்டுப் போச்சுன்னா நான் உங்களை விட மாட்டேன்."

நான் யூஜினியாவிடம் ஓடினேன். "உண்மையச் சொன்னா மாயக்கண்ணன் மச்சான் போயிருவாரு. சொல்லாட்டி மத்த ரெண்டு பேரும் போயிருவாக. நீ இழுத்த கோட்டுக்கு நீயே வந்து பதில் சொல்லு."

"வாரேன்," என்றாள் நிதானமாக. "பிரியாணி உண்டா?"

காதுகுத்து அன்று மலையடிவாரத்து மண்டபத்துக்கு முதலில் மலையாண்டி மச்சான் வேனில் வந்தார். வேனின் நெற்றியில் போஸ்டர் ஒட்டியிருந்தது. இறங்கும்போதே மீசையை முறுக்கிக்கொண்டு இறங்கினார். அடுத்த வேனில் பெத்தன். அதிலும் அதே போஸ்டர். அண்ணன் தம்பியை இரக்கமாகப் பார்த்தார். தம்பி அண்ணனை இரக்கமாகப் பார்த்தான். "சாப்டியாப்பா?" என்று இவர் கேட்க, "நீங்க மொதல்ல உக்காருங்கண்ணே, கால் வலிக்கும்," என்று அவன் சொல்ல, அவர்கள் அத்தனை பிரியமாகப் பேசி நான் பார்த்ததே இல்லை.

அப்போது ரேடியோ செட்டு அலற டிராக்டர் வந்தது. டிரெய்லர் நிறையச் சீர்த்தட்டு. பானெட்டில் அதே போஸ்டர், மாலை போட்டு. மாயக்கண்ணன் புது வேட்டியில் இறங்கி, நேராக வந்து, விரித்திருந்த ஜமுக்காளத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"பிள்ளையக் குடு ஆத்தா," என்று கருப்பியிடம் கையை நீட்டினார்.

"என்னண்ணே இது?" என்றார் மலையாண்டி.

"போஸ்டரைப் பாக்கலையாடா? நாந்தேன் மாமன்னு ஊருக்கே சொல்லியிருக்கு."

"அது நானு."

"ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு? அது நான்," என்றான் பெத்தன்.

மூன்று பேரும் எழுந்து டிராக்டர் பக்கம் போனார்கள். கூட்டமும் பின்னாலேயே போனது. "இந்த மீசை யாரு மீசை, சொல்லு." "அந்தப் பக்கம் பாருங்க, இந்த முடி உங்களுக்கு எந்தக் காலத்துல இருந்துச்சு?" "அட, கண்ணு என் கண்ணுடா." காது குத்த வந்த ஆசாரி ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, "நல்ல நேரம் போய்க்கிட்டு இருக்கு," என்று பொதுவாகச் சொன்னார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வினோதினி கருப்பியின் இடுப்பிலிருந்து எல்லாரையும் பார்த்தது. மலையாண்டி என்னைத் திரும்பிப் பார்த்தார். பெத்தனும் பார்த்தான். மாயக்கண்ணன் மட்டும் என்னைப் பார்க்காமல் கருப்பியைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் எனக்குப் பயமாக இருந்தது.

யூஜினியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இது கம்ப்யூட்டர் வேலை. புரியிற மாதிரி சொல்றேன்." பள்ளிக்கூட வாத்தியார் பொண்டாட்டி, குரல் அப்படியே வந்தது. "மொதல்ல பின்னாடி இருக்க கலரைப் பாருங்க. அங்குட்டு செவப்பு, அது சிங்கம்புணரி அண்ணன் கேட்டது. இங்குட்டு பச்சை, அது சின்னவரு கேட்டது. சரியா? இதே மாதிரிதேன் மூஞ்சியும். அங்குட்டு பாதி அண்ணன். இங்குட்டு பாதி தம்பி. ரெண்டு பேரும் எங்கிட்ட வந்து நடுவுல தள்ளச் சொன்னீகளா இல்லையா?"

அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"நீயும் போனியாடா?"

"நீங்களுமாண்ணே?"

"அப்ப நான் இதுல இல்ல," என்றார் மாயக்கண்ணன். டிராக்டர் சாவியைத் தேடி இடுப்பைத் தடவினார்.

"எங்கண்ணே போறீக? இன்னும் சொல்லி முடிக்கலை," என்றாள் யூஜினியா. "செவப்பையும் பச்சையையும் மட்டும் வச்சு மொதல்ல இழுத்தேன். நடுவுல சாணியா வந்துச்சு. பூமிண்ணன்கிட்டக் கேட்டுப் பாருங்க, அவுகளும் பாத்தாக."

"ஆமா, சாணிதேன்," என்றேன். இதில் பொய் இல்லாததால் சத்தமாகவே சொன்னேன்.

"அப்புறம் மஞ்சளை நடுவுல வச்சேன். பொருந்திப் போச்சு. இவுக ரெண்டு பேரு மூஞ்சியும் அப்பிடித்தேன், நேருக்கு நேரா ஒட்டவே இல்ல. ரெண்டு பேருக்கும் பொதுவா மூத்தவரு ஒருத்தரு நடுவுல வேணும்ல. அந்த மூக்கும், மூக்குக்கு ரெண்டு பக்கமும் இருக்கே, அது யாருன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

மாயக்கண்ணன் குனிந்து பார்த்தார். டிராக்டர் கண்ணாடியைத் திருப்பித் தன் முகத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"என் படம் உனக்கு ஏதுத்தா?" என்றார்.

யூஜினியா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நான் குடுத்தேண்ணே," என்றாள் கருப்பி. கண் இமைக்கவில்லை. "சின்னதுல இங்க தைப்பூசத்துக்கு வந்தப்ப எடுத்த படம். எம் பொட்டியில பத்திரமா வச்சிருந்தேன்."

எங்கள் வீட்டில் அப்படி ஒரு படம் கிடையாது. பெட்டியும் கிடையாது, பீரோதான்.

மாயக்கண்ணன் மறுபடி போஸ்டரைப் பார்த்தார். கருப்பி அவரை மேலே யோசிக்க விடவில்லை. "படத்துல எப்படி இருக்கீகளோ அப்படியே வந்து உக்காருங்க மூணு பேரும். ஆசாரி எம்புட்டு நேரம் காத்திருப்பாரு?"

ஜமுக்காளத்தில் நடுவில் மாயக்கண்ணன். அவருக்கு ஒரு பக்கம் மலையாண்டி, மறுபக்கம் பெத்தன். பிள்ளை ஒரு மடியில் அடங்கும். ஆனால் இவர்கள் விடுவார்களா? தொடையோடு தொடை இடித்து, தோளுக்குள் தோள் நுழைத்து, இரண்டு பேரும் முடிந்த மட்டும் நடுவில் நெருக்கினார்கள். மாயக்கண்ணனுக்கு மூச்சு முட்டியது. ஆனாலும் அசையவில்லை. எங்கே ஒருவர் முடிந்து எங்கே அடுத்தவர் ஆரம்பிக்கிறார் என்று தெரியாத மூன்று மடிக்கு மேல் வினோதினியை உட்கார வைத்தோம். அண்ணன் பக்கத்துக் காதை அண்ணன் பிடித்துக்கொடுக்க, தம்பி பக்கத்துக் காதைத் தம்பி பிடித்துக்கொடுக்க, ஆசாரி குத்தினார். பிள்ளை அலறிய அலறலில் நடுவில் இருந்தவரின் மீசையைத்தான் பிடித்துத் தொங்கியது. மனிதர் கண்ணில் தண்ணீர் வந்தது. வலியில்தானா என்று நான் கேட்கவில்லை.

"கோட்டை நல்லா நீளமா இழுத்திருக்கேன், பாருங்க," என்று யூஜினியா என் காதோரம் சொன்னாள். போட்டோக்காரரை நான் அங்கே இங்கே விடவில்லை. மாயக்கண்ணனைத்தான் எடுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மறுவாரம் நன்றி போஸ்டர் அடிக்க வேண்டும் என்று மூன்று பேரும் சேர்ந்தே யூஜினியாவிடம் போனார்கள். யார் முதலில் என்ற பேச்சு அங்கேயே கிளம்பியதாம். அவள் பேட்டர்ன் பாடத்தைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். மூன்று முகத்தையும் தோடு அளவுக்குச் சின்னதாக்கி, சுற்றிக் காலி இடம் விட்டு, போஸ்டர் முழுக்க ஊற்றிவிட்டாள். எங்கே பார்த்தாலும் மூன்று பேரும் இருந்தார்கள். எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்று யாராலும் சொல்ல முடியாது.

அது ஒட்டின அன்று ஹனிபா பாய் கடைச் சுவருக்கு முன்னால் மச்சான்கள் மூன்று பேரும் டீ கிளாஸோடு நின்று, மேலிருந்து கீழே விரலை வைத்து, யார் முகம் அதிகம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாய் என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். போஸ்டரின் வலது ஓரத்தில், கீழே, ஒரு மாயக்கண்ணனுக்கும் ஒரு பெத்தனுக்கும் இடையில் விரலை வைத்தார். அந்தக் காலி இடத்தில் மிளகு அளவுக்கு ஒரு முகம். உற்றுப் பார்த்தேன்.

"நீங்கதானே?" என்றார் பாய்.

"மெதுவாப் பேசுங்க பாய்," என்றேன். "நடுவுல வரணும்னு எனக்கும் ஆசை வந்திருச்சுன்னு நெனைச்சுக்கப் போறாக."